கிராங்க் பேரிங் கிளியரன்ஸ்: அளந்து முடிவு செய்யும் முறை

பேரிங் பெட்டியின் மேல் 'ஸ்டாண்டர்டு' என்றோ '0.25' என்றோ அச்சிட்டிருக்கும். கிளியரன்ஸ், அதாவது எண்ணெய் நிற்கும் இடைவெளி, எவ்வளவு என்று எந்தப் பெட்டியிலும் இருக்காது. இருக்கவும் வழியில்லை. இன்ஜின் பிளாக்கில் உள்ள துளை, அதில் உட்காரும் இரண்டு அரைவட்ட பேரிங் ஷெல்கள், நடுவே சுழலும் கிராங்க் ஜர்னல் (கிராங்க் ஷாஃப்டில் பேரிங்குக்குள் சுழலும் உருண்டைப் பகுதி) என்று மூன்று சேர்ந்துதான் அந்த இடைவெளி உருவாகிறது. மூன்றில் ஒன்றை மட்டும் கம்பெனி செய்து அனுப்புகிறது. மற்ற இரண்டும் உங்கள் மேஜையில் கிடக்கின்றன, லட்சம் கிலோமீட்டர் ஓடிய நிலையில்.

இதனால் வேலையின் வரிசையே மாறுகிறது. பல பட்டறைகளில் கிராங்கை முதலில் கிரைண்டிங்குக்கு அனுப்பி, கிரைண்டிங் செய்பவர் சொல்லும் சைஸுக்குப் பேரிங் வாங்கி மாட்டிவிடுவார்கள். பெரும்பாலும் ஓடிவிடும். ஓடாதபோது யாரைக் குறை சொல்வது என்று தெரியாது, ஏனென்றால் யாரும் எதையும் அளந்திருக்க மாட்டார்கள். சரியான வரிசை தலைகீழ்: கிராங்கை அளந்து எந்த அண்டர்சைஸ் (கிராங்கை எவ்வளவு சிறிதாக்குகிறோமோ அதற்கேற்பத் தடித்த ஷெல்) வேண்டும் என்று முடிவு செய்து, ஷெல்களை வாங்கி, அவற்றைப் பிளாக்கிலும் கனெக்டிங் ராடிலும் பூட்டி உள்விட்டத்தை அளந்து, அதன்பிறகு கிரைண்டருக்கு ஒரு எண்ணை எழுதிக் கொடுப்பது.

இந்தக் கட்டுரையில் அளவுகள் மைக்ரானில் வருகின்றன. 1 மைக்ரான் என்பது 0.001 மி.மீ. லேத் பட்டறைகளில் 'தௌ' என்று சொல்லும் ஆயிரத்தில் ஒரு இஞ்ச், 25 மைக்ரானுக்குச் சற்று மேல்.

எவ்வளவு வேண்டும், ஏன்

சுழலும் ஜர்னல் ஷெல்லைத் தொடுவதில்லை. எண்ணெயைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய், சுமை விழும் பக்கத்தில் ஆப்பு போல நெருக்கி, அந்தப் படலத்தின் மேல் மிதக்கிறது. கிளியரன்ஸ் 40 மைக்ரான் என்றால் நாலாபுறமும் சரிசமமாக 20 மைக்ரான் இடைவெளி இருப்பதாக நினைக்க வேண்டாம். முழுச் சுமையில் ஒரு பக்கம் படலம் ஒன்றிரண்டு மைக்ரானுக்கு மெலிந்துவிடும், எதிர்ப்பக்கம் மீதி மொத்தமும் திறந்திருக்கும். அந்தத் திறந்த பக்கம் வழியாக எண்ணெய் ஓடி வெப்பத்தை வெளியே கொண்டுபோகிறது.

குறைவாக வைத்தால் எண்ணெய் ஓட்டம் போதாமல் சூடேறும், எண்ணெய் நீர்த்துப்போகும், ஜர்னல் ஷெல்லை வழித்துவிடும். அதிகமாக வைத்தால் பக்கவாட்டில் எண்ணெய் கசிந்து பிரஷர் இறங்கும். இந்தக் கசிவு இடைவெளியின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும் என்பதுதான் பலரும் கவனிக்காத விஷயம். 50 மைக்ரானை 65 ஆக்கினால் கசிவு சுமார் 2.2 மடங்கு. 75 ஆக்கினால் சுமார் 3.4 மடங்கு. 'கொஞ்சம் லூஸா இருந்தா பரவாயில்லை' என்று ஐந்து மெயின் (பிளாக்கில் உள்ள பேரிங்), நான்கு பிக் எண்டுக்கும் (கனெக்டிங் ராடில் உள்ளது) சேர்த்துச் சொன்னால் ஆயில் பம்ப் அதைத் தாங்காது.

நீண்டகாலமாகச் சொல்லப்படும் பொதுவிதி, ஜர்னல் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 50 மி.மீ. ஜர்னலுக்கு 50 மைக்ரான். 2.100 இஞ்ச் ராடு ஜர்னல் கொண்ட ஷெவர்லே 350 போன்ற அமெரிக்க இரும்பு வி8 இன்ஜின்களுக்கு 2.1 தௌ. ரேஸுக்கு என்றால் அதன்மேல் அரை தௌ கூட்டுவார்கள். அந்த இன்ஜின்களுக்கு, அந்தக் காலத்து 30, 40 கிரேடு எண்ணெய்களுக்கு அது பொருந்தும். சிறிய ஜப்பானிய, கொரிய பெட்ரோல் இன்ஜின்களில் 45 மி.மீ. ஜர்னலுக்கு 20 முதல் 40 மைக்ரான் என்று சர்வீஸ் மேனுவல் கேட்பது சாதாரணம். அங்கே இந்தப் பொதுவிதியைப் பிடித்துக்கொண்டால் மேல் எல்லையைத் தாண்டிவிடுவீர்கள். மேனுவல் இருக்கும்போது பொதுவிதி எதற்கு? மேனுவல் கிடைக்காத பழைய வண்டிக்கும், மேனுவலில் உள்ள எண்ணைத் தப்பாகப் படித்திருக்கிறோமா என்று சரிபார்க்கவும் மட்டும்.

மேனுவலில் இரண்டு எண்கள் இருக்கும்: 'ஸ்டாண்டர்டு' ஒன்று, 'லிமிட்' ஒன்று. ரீபில்டு செய்யும்போது லிமிட்டைப் பார்க்கவே வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினைப் பிரிக்கலாமா என்று முடிவெடுக்க வைத்த எண் அது. ஸ்டாண்டர்டு எல்லைக்குள் எங்கே நிற்பது என்பதுதான் உங்கள் தேர்வு. நகரத்துக்குள் ஓடும் குடும்பக் கார், 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30 எண்ணெய் என்றால் கீழ்ப்பாதி. நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓடும் டாக்ஸி, 15டபிள்யூ-40 என்றால் நடு. மலைப்பாதை, முழுச் சுமை, அதிக ஆர்.பி.எம். என்றால் மேல்பாதி. எல்லைக்குள் எங்கே நிற்கிறது என்பதைவிட, ஒரே கிராங்கின் எல்லா ஜர்னல்களும் ஒன்றுக்கொன்று 10 மைக்ரானுக்குள் நிற்பது பெரிய விஷயம்.

எண்ணெயை மட்டும் தடிப்பாக்கிக் கிளியரன்ஸ் பிழையை மூடுவது பரவலான பழக்கம். 25 மைக்ரான் கிளியரன்ஸில் 20டபிள்யூ-50 ஊற்றினால் மீட்டரில் பிரஷர் அழகாகத் தெரியும், பேரிங்குக்குள் ஓட்டம் குறைந்திருக்கும். வி.வி.டி. (எண்ணெய் அழுத்தத்தில் வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பு), ஹைட்ராலிக் செயின் டென்ஷனர் உள்ள இன்ஜின்களில் அவையும் தாமதமாக வேலை செய்யத் தொடங்கும்.

அலுமினியம் பிளாக்குக்குத் தனிக் கணக்கு உண்டு. இரும்பைவிட அலுமினியம் வெப்பத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். 54 மி.மீ. துளை முழுவதும் அலுமினியத்தில் இருந்தால், 70 டிகிரி செல்சியஸ் சூடேறும்போது கிராங்கைவிட 35 மைக்ரானுக்கு மேல் கூடுதலாக விரிய இடமுண்டு. இரும்பு கேப்போ (துளையின் கழற்றக்கூடிய பாதி), வார்ப்பில் பதித்த இரும்புத் துண்டுகளோ இருந்தால் இது வெகுவாகக் குறையும். குளிர்ந்த நிலையில் கையில் பிடிக்கும்போது 'ரொம்ப டைட்' என்று தோன்றும் 20 மைக்ரானை மேனுவல் கேட்பதற்கு இதுதான் காரணம். இரும்பு பிளாக் பழக்கத்தில் அதை 45 ஆக்கிவிட்டால், சூடானதும் ஐடிலில் ஆயில் லைட் கண் சிமிட்டும்.

அளக்க என்ன வேண்டும்

0.01 மி.மீ. மட்டும் காட்டும் மைக்ரோமீட்டர் இந்த வேலைக்குப் போதாது. நீங்கள் பிடிக்க நினைப்பதே 5, 10 மைக்ரான் வித்தியாசம். 0.001 மி.மீ. படிக்கும் வெளிவிட்ட மைக்ரோமீட்டர் (25–50, 50–75 மி.மீ. என இரண்டு), 0.001 அல்லது 0.002 மி.மீ. டயல் கொண்ட போர் கேஜ் (துளையின் உள்விட்டம் அளக்கும் கருவி), ஷெல் கனம் பார்க்க உருண்டை முனை மைக்ரோமீட்டர், நம்பகமான டார்க் ரென்ச். வெர்னியர் காலிப்பரை மேஜையிலேயே வைக்க வேண்டாம், கை அதைத் தேடிப் போகும்.

வெப்பநிலையை யாரும் மதிப்பதில்லை. அளவைகள் எல்லாம் 20 டிகிரி செல்சியஸை அடிப்படையாக வைத்தவை. 38 டிகிரி தகரக் கொட்டகையில் கிடக்கும் 50 மி.மீ. ஜர்னல், 20 டிகிரியில் இருப்பதைவிடச் சுமார் 10 மைக்ரான் பெரிதாக இருக்கும். ஏசி அறையிலிருந்து எடுத்து வந்த மைக்ரோமீட்டரால் அதை அளந்தால் கிட்டத்தட்ட அவ்வளவும் பிழை. கழுவிய பாகங்கள், கருவிகள், ஷெல்கள் எல்லாம் ஒரே அறையில் ஓர் இரவு கிடக்கட்டும். காலையில் அளக்கவும். வெந்நீரில் கழுவிய பிளாக்கை அன்றைக்கே அளப்பது வீண் வேலை.

கிராங்க்

ஒவ்வொரு ஜர்னலிலும் ஆயில் துளையைத் தவிர்த்து, முன்விளிம்புப் பக்கம் ஒன்று, பின்விளிம்புப் பக்கம் ஒன்று என இரண்டு இடங்களில், ஒவ்வொரு இடத்திலும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு திசைகளில் அளக்கவும். ஒரு ஜர்னலுக்கு நான்கு எண்கள். நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒன்பது ஜர்னல், முப்பத்தாறு எண்கள். காகிதத்தில் எழுதவும், மனதில் வைத்துக்கொண்டவர்கள் மறுநாள் மறுபடியும் அளப்பார்கள்.

ஒரே இடத்தில் திசைக்குத் திசை மாறுவது ஓவல். ஒரே திசையில் முன்னுக்கும் பின்னுக்கும் மாறுவது டேப்பர். இரண்டுக்கும் பல மேனுவல்கள் தரும் எல்லை 10 மைக்ரான் அளவில் இருக்கும். பிக் எண்ட் ஜர்னல்கள் மெயினைவிட முன்பாக ஓவல் ஆகும், ஏனென்றால் வெடிப்பின் அடி ஒவ்வொரு முறையும் ஜர்னலின் அதே பக்கத்தில் விழுகிறது. ஒரு திசையில் மட்டும் அளந்து 'ஸ்டாண்டர்டு இருக்கு' என்று சொல்பவர் பெரும்பாலும் தேயாத திசையைத்தான் அளந்திருப்பார்.

பிறகு இரண்டு கோடி மெயின்களையும் வி பிளாக்கில் தாங்கி, நடு மெயினில் டயல் கேஜ் வைத்துச் சுற்றவும். கிராங்க் வளைந்திருந்தால் முள் ஆடும். மேனுவல் எல்லை பொதுவாக 50 மைக்ரான் பக்கம். வளைந்த கிராங்கில் ஒவ்வொரு ஜர்னலும் அளவில் சரியாக இருந்தாலும், நடுவில் உள்ள ஷெல்லை அது ஒவ்வொரு சுற்றிலும் தேய்க்கும்.

பிளாக்கும் ராடும், முதலில் ஷெல் இல்லாமல்

கேப்களை அவற்றின் எண், அம்புக்குறிப்படி மாட்டி, நூல்களுக்கு எண்ணெய் தொட்டு, மூன்று கட்டமாக முழு டார்க் கொடுத்துத் துளையை அளக்கவும். மேலும் கீழுமாக ஒன்று, கேப் சேரும் கோட்டிலிருந்து சற்று விலகி இருபுறமும் சாய்வாக ஒன்றொன்று. நீளும் வகை போல்ட் என்றால் (டார்க் கொடுத்தபின் டிகிரி கணக்கில் திருப்பச் சொல்பவை), நீள எல்லைக்குள் இருக்கும் பழைய போல்ட்டை அளக்கும் வேலைக்கு வைத்துக்கொண்டு புதியவற்றைக் கடைசிப் பூட்டுக்குக் காப்பாற்றவும். போல்ட்டுக்குப் பதில் ஸ்டட் மாற்றினால் கேப்பை இழுக்கும் விதம் மாறித் துளையின் வடிவமும் மாறும். அதன்பின் லைன் ஹோனிங் (எல்லாத் துளைகளையும் ஒரே நேர்கோட்டில் தீட்டி அளவாக்குவது) தேவைப்படலாம்.

இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்கள் எங்கே மாட்டுவார்கள் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 50 மி.மீ. மெயின் ஜர்னல், 54 மி.மீ. துளை, மேனுவல் எல்லை 25–45 மைக்ரான் கொண்ட இரும்பு பிளாக் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டாண்டர்டு ஷெல் போட்டு அளந்ததில் ஐந்து மெயின்களின் கிளியரன்ஸ் 38, 41, 43, 66, 40. நான்காவது மட்டும் தறிகெட்டு நிற்கிறது. அவசரத்தில் கிராங்க் தேய்ந்துவிட்டது என்று கிரைண்டிங்குக்கு அனுப்பத் தோன்றும். எண்களைப் பாருங்கள்: நான்காவது ஜர்னல் 49.992, முதலாவது 49.995. கிராங்கில் குறை இல்லை. வெறும் துளை முதலாவதில் 54.005, நான்காவதில் 54.030. எப்போதோ ஒருமுறை அந்த பேரிங் சுழன்று துளையைத் தின்றிருக்கிறது.

இங்கே இன்னொரு பொறி. நான்காவதுக்கு மட்டும் ஒவ்வொன்றும் 12 மைக்ரான் தடித்த ஷெல் ஜோடி கிடைத்தால் கிளியரன்ஸ் 42 ஆகிவிடும், கணக்கு அழகாக முடியும். ஆனால் ஷெல்லைப் பிடித்து நிறுத்துவது அதன் ஓரத்தில் உள்ள சிறிய நாக்கு இல்லை. அரைவட்டத்தைவிட ஒவ்வொரு ஷெல்லும் மயிரிழை நீளமாக இருக்கும்; கேப்பை இறுக்கும்போது அந்த மிச்சம் நசுங்கி, ஷெல்லின் முதுகு துளையோடு ஒட்டிக்கொள்கிறது. துளையின் விட்டம் 25 மைக்ரான் கூடினால் அரைச்சுற்று நீளம் 40 மைக்ரானுக்கு அருகே கூடும். நசுங்க இருந்த மிச்சத்தின் பெரும்பகுதியை அது தின்றுவிடும். கிளியரன்ஸ் சரி, பிடிமானம் இல்லை. அந்த பேரிங் மறுபடி சுழலும். இதற்கு வழி கேப்பின் முகத்தை இயந்திரத்தில் சீவி, ஐந்து துளைகளையும் சேர்த்து லைன் ஹோன் செய்வது ஒன்றுதான்.

ஷெல் போட்டு அளப்பது

துளையும் ஷெல்லின் முதுகும் உலர்ந்து, துடைத்து இருக்க வேண்டும். ஷெல்லுக்குப் பின்னால் எண்ணெய், கிரீஸ், பேஸ்ட் எதுவும் கூடாது. நுண்ணிய மணல் துகள் ஒன்று மாட்டினால் உள்ளே மேடு எழும்பும், அந்த இடத்தில் கிளியரன்ஸ் காணாமல் போகும். முழு டார்க் கொடுத்தபின் அளக்கவும்.

மைக்ரோமீட்டரை ஜர்னலின் அளவில் நிறுத்திப் பூட்டி, அதன் முகங்களுக்கு இடையே போர் கேஜை வைத்து டயலைப் பூஜ்யமாக்கவும். பிறகு போர் கேஜை ஷெல்லுக்குள் விட்டு ஆட்டி, முள் திரும்பும் புள்ளியைப் படித்தால் கிடைப்பது நேரடியாகக் கிளியரன்ஸ். மைக்ரோமீட்டரில் இரண்டு மைக்ரான் பிழை இருந்தாலும் இருபுறமும் ஒரே பிழையாக வந்து அடிபட்டுப் போகும். துளையைத் தனியாக, ஜர்னலைத் தனியாக, ஷெல் கனத்தைத் தனியாக அளந்து கழித்தால் மூன்று பிழைகளும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும்.

அளக்கும் திசை மேல்–கீழ், அதாவது கேப் சேரும் கோட்டுக்குச் செங்குத்து. ஷெல் எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் இருப்பதில்லை. நடுவில் தடித்தும், முனைகளை நோக்கி மெலிந்தும் வேண்டுமென்றே செய்யப்பட்டது. சுமையில் துளை குறுக்கே சுருங்கும்போது முனைகள் ஜர்னலைப் பிடிக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. குறுக்குவாட்டில் அளந்து 'பதினைந்து மைக்ரான் கூடுதலா இருக்கே' என்று பதறினால், அது வடிவமைப்பிலேயே உள்ளது.

போர் கேஜ் இல்லாத இடத்தில் பிளாஸ்டிகேஜ், அதாவது நசுங்கும் மெல்லிய பிளாஸ்டிக் நூல். பச்சை நூல் 25 முதல் 76 மைக்ரான் வரைக்கும், கார் வேலைக்கு இதுவே போதும். சிவப்பு 50 முதல் 150, நீலம் 100 முதல் 230. உலர்ந்த ஜர்னலில் ஆயில் துளையைத் தவிர்த்து நீளவாக்கில் வைத்து, முழு டார்க் கொடுத்து, கிராங்கைத் துளியும் சுற்றாமல் கேப்பைக் கழற்றி, நசுங்கிய அகலத்தை உறையில் அச்சிட்ட அளவோடு ஒப்பிடவும். ஒரு முனையில் அகலம், மறுமுனையில் குறுகல் என்றால் டேப்பர். இன்ஜினைத் தலைகீழாக ஸ்டாண்டில் வைத்துச் செய்வது நல்லது. வண்டிக்கு அடியில் படுத்துச் செய்தால் கிராங்க் தன் எடையில் கீழே தொங்கி, கிளியரன்ஸ் குறைவாகத் தெரியும். பக்கத்து கவுண்டர்வெயிட்டை (கிராங்கின் எதிர் எடை) ஜாக்கியால் தாங்கிக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிகேஜ் பெரிய தவறைக் காட்டிக் கொடுக்கும். ஓவலையும் வளைவையும் காட்டாது. 35க்கும் 40க்கும் இடையே முடிவெடுக்க அதை நம்ப வேண்டாம்.

எண் கைக்கு வந்தபின்

கிராங்க் தேயாமல், ஸ்டாண்டர்டு ஷெல்லுக்குள்ளேயே சில மைக்ரான் நகர்த்தினால் போதும் என்றால், முதலில் கம்பெனியின் தரம்பிரித்த ஷெல்களைப் பார்க்கவும். மாருதி கார்களில் உள்ள சுசுகி இன்ஜின்கள் பலவற்றில் பிளாக்கில் துளைக்கு எழுத்து, கிராங்கின் கையில் (ஜர்னல்களை இணைக்கும் பகுதி) ஜர்னலுக்கு எண் குத்தியிருக்கும். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் உள்ள வண்ணம்தான் ஷெல் விளிம்பில் பூசியிருக்கும் வண்ணம். டொயோட்டாவின் பல இன்ஜின்களில் பிளாக் எண்ணையும் கிராங்க் எண்ணையும் கூட்டினால் ஷெல் எண். பக்கத்து வண்ணத்துக்கு மாறினால் கிளியரன்ஸ் சில மைக்ரான் நகரும். ஒன்றை மறக்க வேண்டாம்: அந்தக் குறிகள் பிறந்த அன்றைய அளவு. கிராங்க் கிரைண்ட் ஆகியிருந்தாலோ துளை ஹோன் ஆகியிருந்தாலோ குறிகளுக்கு மதிப்பில்லை, அளவுக்கே மதிப்பு.

ரேஸ் பேரிங் தயாரிப்பாளர்கள் ஒரே அளவில் 25 மைக்ரான் கூடுதல் கிளியரன்ஸ் தரும் மெல்லிய ஜோடியையும் விற்கிறார்கள். சாதாரண ஷெல் ஒன்று, மெல்லியது ஒன்று என்று கலந்தால் பாதி, அதாவது சுமார் 12 மைக்ரான் கூடும். இப்படிக் கலக்கும்போது தடித்த ஷெல் சுமை விழும் பக்கத்தில் இருக்க வேண்டும்: ராடில் மேலே, மெயினில் கீழே. இதைவிடப் பெரிய வித்தியாசமுள்ள ஷெல்களைக் கலக்கக் கூடாது.

கிராங்க் தேய்ந்திருந்தால் கிரைண்டிங். அண்டர்சைஸ் ஷெல்கள் வழக்கமாக 0.25, 0.50, 0.75 மி.மீ.; இஞ்ச் கணக்கில் பத்து, இருபது, முப்பது சைஸ். ஒரு ராடு கணக்கைப் பார்ப்போம். ஜர்னல் 45 மி.மீ.; ஒரு திசையில் 44.985, மறு திசையில் 44.962. ஓவல் 23 மைக்ரான், கிரைண்டிங் தவிர வழியில்லை. 0.25 ஷெல் வாங்கி நான்கு ராடிலும் பூட்டி அளந்ததில் உள்விட்டம் 44.782, 44.784, 44.781, 44.785. வேண்டிய கிளியரன்ஸ் 38 என்றால் ஜர்னல் 44.745. கிரைண்டருக்குச் சீட்டில் எழுத வேண்டியது 'பத்து சைஸ்' இல்லை, '44.745, பாலிஷ் முடிந்தபின், கூட்டல் கழித்தல் 0.005'. அந்த எல்லைக்குள் எங்கே நின்றாலும் கிளியரன்ஸ் 31க்கும் 45க்கும் நடுவே வரும். 'பாலிஷ் முடிந்தபின்' என்ற சொல்லை விட்டுவிட்டால், கல்லில் அளவைப் பிடித்து, பிறகு பாலிஷில் இன்னும் மூன்று நான்கு மைக்ரான் போய்விடும்.

கிரைண்டரிடம் கூடவே கேட்க வேண்டியவை உண்டு. ஜர்னல் ஓரத்தில் கிராங்க் கையோடு சேரும் வளைவு முன்பிருந்த ஆரத்திலேயே இருக்க வேண்டும். சிறிதாக்கினால் கிராங்க் அந்த இடத்தில் முறியும், பெரிதாக்கினால் ஷெல்லின் விளிம்பு அதில் ஏறி உட்காரும். உருட்டி அழுத்திய பள்ளம் கொண்ட கிராங்கில் அந்தப் பள்ளத்தைக் கல் தொடக் கூடாது. நைட்ரைடு செய்த (நைட்ரஜன் ஏற்றி மேற்பரப்பைக் கடினமாக்கிய) கிராங்கின் கடினத் தோல் மெல்லியது, கிரைண்ட் செய்தபின் மறுபடி நைட்ரைடு தேவை. இண்டக்ஷன் முறையில் கடினமாக்கியது ஆழமாக இருப்பதால் 0.25 தாங்கும். ஆயில் துளையின் வாய் கூர்மையாக இல்லாமல் மழுங்கியிருக்க வேண்டும். வார்ப்பிரும்பு கிராங்கில் கடைசிப் பாலிஷ், இன்ஜினில் கிராங்க் சுற்றும் திசைக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். தலைகீழானால் கண்ணுக்குத் தெரியாத பிசிறுகள் ஷெல்லைச் சீவும். சில புதிய இன்ஜின்களுக்கு அண்டர்சைஸ் ஷெல்லே கிடையாது, கல் வைப்பதற்கு முன் பேரிங் கையில் இருக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

செய்யவே கூடாதவை: ஷெல்லுக்குப் பின்னால் காகிதமோ தகடோ வைப்பது, டைட்டாக்க கேப்பின் முகத்தை அரத்தால் ராவுவது, லூஸாக்க ஷெல்லை எமரி தாளால் தேய்ப்பது. முதல் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொள்ளலாம். பாபிட் என்ற மென்மையான பேரிங் உலோகத்தை நேரடியாக வார்த்த ஃபோர்டு மாடல் ஏ காலத்து இன்ஜின்களில் கேப்புக்கு அடியில் ஷிம் வைத்து, ஒவ்வொன்றாக உருவித்தான் கிளியரன்ஸ் சரிசெய்தார்கள். இன்றைய மூன்றடுக்கு ஷெல்லின் மேல்பூச்சு 12 முதல் 25 மைக்ரான் கனம்தான். எமரி தாள் இரண்டு இழுப்பில் அதைக் கடந்துவிடும்.

பூட்டும்போது

மெயினில் பள்ளமும் ஆயில் துளையும் உள்ள ஷெல் பிளாக் பக்கம், வழவழப்பான ஷெல் கேப் பக்கம். இடம் மாற்றி வைத்தால் ஆயில் வழியே அடைந்துபோகும், ஐந்து நிமிடத்தில் கிராங்க் போய்விடும். ஷெல்லின் உள்முகத்தில் மட்டும் அசெம்பிளி லூப் தடவவும்.

ஒரு கேப்பை முழு டார்க்குக்குக் கொண்டுவந்ததும் கிராங்கைக் கையால் சுற்றிப் பார்க்கவும். பிறகு அடுத்த கேப். ஏதோ ஒன்றில் திடீரென இறுகினால் குற்றவாளி கடைசியாக இறுக்கிய கேப்தான். எல்லாவற்றையும் இறுக்கிவிட்டுச் சுற்றிப் பார்ப்பவர் அதே குற்றவாளியைத் தேடி எல்லாவற்றையும் கழற்றுவார். த்ரஸ்ட் (கிராங்க் முன்–பின் நகராமல் தாங்கும் வாஷர்) உள்ள கேப்பை இறுக்கும் முன் கிராங்கை முன்னும் பின்னும் தள்ளி, இரு பாதி த்ரஸ்ட் முகங்களும் ஒரே தளத்தில் நிற்கும்படி செய்யவும். இறுக்கியபின் டயல் கேஜில் முன்–பின் ஆட்டம் பொதுவாக 0.10 முதல் 0.25 மி.மீ. கிளட்ச் மேல் கால் வைத்தே ஓட்டும் வண்டிகளில் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அந்த அழுத்தம் முழுவதும் இந்த வாஷரில்தான் விழுகிறது.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆயில் லைட் அணையும்வரை ஸ்டார்ட்டரால் விட்டு விட்டுச் சுற்றவும். நன்றாகச் சூடானபின் 1000 ஆர்.பி.எம்.முக்கு 10 பி.எஸ்.ஐ. என்ற பழைய கணக்கு ஒரு சுமாரான அளவுகோல். அசல் அளவு மேனுவலில் இருக்கும். குளிர்ந்த நிலையில் காட்டும் பிரஷரைப் பார்த்து மகிழ வேண்டாம். கிளியரன்ஸ் பிழை சூடான ஐடிலில்தான் வெளியே வரும்.

பழைய ஷெல்லைத் தூக்கிப் போடுமுன்

பிரித்தெடுத்த ஷெல்களை அவற்றின் இட வரிசையில் மேஜையில் அடுக்கினால், அடுத்து எங்கே அளக்க வேண்டும் என்று அவையே சொல்லும். நடுவில் மட்டும் வழித்துப் பளபளத்தால் எண்ணெய் பற்றாக்குறை அல்லது கிளியரன்ஸ் போதாமை. இரு விளிம்புகளிலும் தேய்வு என்றால் ஷெல் ஜர்னலின் ஓர வளைவில் ஏறியிருக்கிறது. மேல் ஷெல்லில் ஒரு மூலை, கீழ் ஷெல்லில் எதிர் மூலை தேய்ந்திருந்தால் ராடு வளைந்திருக்கிறது. கேப் சேரும் கோட்டுக்கு அருகே தேய்ந்திருந்தால் கேப் நகர்ந்து அல்லது மாறி உட்கார்ந்திருக்கிறது. முதுகுப்பக்கம் பளபளத்தோ பழுப்பேறியோ இருந்தால் துளையில் பிடிமானம் இல்லை. கேப் போல்ட்டையும் துளையையும் பார்க்காமல் புது ஷெல் போடுவது பணத்தைக் கொட்டுவது. முகம் முழுக்கக் கீறலும் பதிந்த துகளும் என்றால் கிளியரன்ஸைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிளாக்கின் ஆயில் வழிகளில் உள்ள அடைப்பான்களைக் கழற்றாமல் கழுவியிருக்கிறார்கள். கிரைண்டிங் தூள் கிராங்கின் உள்துளைகளிலும் தங்கும், ஒவ்வொன்றிலும் பிரஷ் விட்டுக் கழுவ வேண்டும்.

புதிய ஷெல்லிலும் இதே சோதனையை ஷெல்லைக் கழற்றாமல் செய்யலாம். முதல் 500 கிலோமீட்டரில் எண்ணெயை மாற்றும்போது பழைய ஃபில்டரை வெட்டி, உள்ளே உள்ள மடிப்புத் தாளை வெயிலில் விரித்துப் பார்க்கவும். இரும்புத் தூள் காந்தத்தில் ஒட்டும். ரிங்கும் சிலிண்டரும் பழகும்போது கொஞ்சம் வருவது இயல்பு. செம்பு நிறத்திலோ சாம்பல் நிறத்திலோ, காந்தத்தில் ஒட்டாத மெல்லிய செதில்கள் இருந்தால் அடுத்த 500 கிலோமீட்டருக்குக் காத்திருக்காமல் சம்பை (அடியில் உள்ள ஆயில் தொட்டியை) கழற்றி, பிக் எண்ட் கேப்களைத் திறந்து பார்க்கவும்.